அளந்து வைத்த மருந்து

எங்கள் பெரியப்பாவிடம் ஒரு கேப்புத் துப்பாக்கி இருந்தது. ஒற்றைக் குழல். வாய் வழியாக மருந்து போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிக்கிற பழைய வகை. கூடவே ஒரு லைசென்ஸ் புத்தகம். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று அதில் எழுதியிருக்கும். அப்போது போடிநாயக்கனூர் மதுரை மாவட்டத்தில் இருந்தது. வெடிமருந்தும், அதைப் பற்றவைக்கிற கேப்பும் வாங்க மதுரைக்கு ரயிலேறிப் போவார். லைசென்ஸ் பெற்ற கடையில் வாங்கி, எவ்வளவு வாங்கினார் என்பதைப் புத்தகத்தில் பதிந்துகொண்டு வருவார். கள்ளத் துப்பாக்கியும் கள்ள மருந்தும் மலையில் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் வீட்டில் எல்லாமே கணக்கில் ஏறியவை.

போடி மலையில், குரங்கணிக்கு மேலே, சென்ட்ரல் ஸ்டேஷன் என்கிற மலை ஊருக்கு ஏறுகிற தடத்தை ஒட்டி எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் காப்பியும் மிளகும் ஏலமும் உண்டு. அந்தக் காலத்தில் மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் இறங்கி வந்த மலைச்சரிவு அது. குரங்கணி வரை ஜீப் போகும். அதற்கு மேல் கால்நடைதான், சுமைக்குக் குதிரைதான். மலையடியில் இலவ மரங்களும், மழையை நம்பி விதைக்கிற மொச்சையும் இருந்தன. மேலே பன்றி மூக்கை விட்டுக் கிளறினால் ஏலத் தூரே பெயர்ந்துவிடும். முள்ளம்பன்றி கிழங்கைக் கடித்துப் போடும். கீழே மொச்சை பூத்துக் காய்க்கிற நேரம் பார்த்து ஒரு பன்றிக் கூட்டம் இறங்கினால், விடியும்போது பறிக்க ஒன்றும் இருக்காது. ஏலத் தூர் ஒன்று முழுசாகக் காய்க்க மூன்று வருஷம் பிடிக்கும். அது பெயர்ந்து கிடப்பதைக் காலையில் பார்த்த முகங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. காட்டு விலங்கின் பக்கம் நின்று பேசுகிற எவரும் அந்த முகத்தை ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும்.

இந்தக் கட்டுரை அந்தத் துப்பாக்கியைப் பற்றியது அல்ல. அதற்காக அவர் பகலில் உட்கார்ந்து செய்துவைத்த காகிதப் பொட்டலங்களைப் பற்றியது.

ஒரு வெடிக்கு வேண்டிய மருந்தை அளந்து, காகிதத்தில் சுருட்டி, இரண்டு முனையையும் மடக்கி வைப்பார். விரல் நீளம் இருக்கும். வீட்டில் நாங்கள் அதைப் பொட்டலம் என்போம். உலகத்தில் அதற்குக் காகிதத் தோட்டா என்று பெயர் என்பதையும், நூற்றாண்டுக் கணக்கில் படைகள் அதைத்தான் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தன என்பதையும் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்.

அவர் பொட்டலம் செய்கிற நாளை வானம்தான் முடிவு செய்யும். கரிமருந்து ஈரத்தை இழுக்கும். மேகம் தரையில் படுத்திருக்கிற ஆடி, ஐப்பசி மாதங்களில் டப்பாவைத் திறக்கவே மாட்டார். நல்ல வெயில் அடிக்கிற நாளில், போடி வீட்டின் பின்முற்றத்தில், புங்க மரத்தடியில் கோரைப்பாய் விரிப்பார். விளக்கு, பீடி, தீப்பெட்டி எதுவும் அந்தப் பக்கம் வரக் கூடாது. அடுப்படிக்குப் போகிற வழியைக்கூட அன்றைக்கு மாற்றிவிடுவார். இரும்பு எதையும் அருகே வைத்துக்கொள்ள மாட்டார். கையில் பிடிப்பது மூங்கிலும் மரமும்தான்.

எங்கள் ஊரில் இந்தக் கட்டுப்பாட்டுக்குத் தனிக் காரணமும் உண்டு. போடி இலவம் பஞ்சுக்குப் பேர் போன ஊர். எங்கள் வீட்டின் பாதி அறைகளில் பஞ்சு மூட்டைதான். அடித்துப் பிரித்த பஞ்சு காற்றில் பறந்து சுவரிலும் சிலந்தி வலையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு பொறி போதும். குழலுக்குள் அடைப்பதற்குப் பஞ்சை எடுத்துக்கொள்ளலாமே என்று நான் ஒருமுறை கேட்டபோது பெரியப்பா சொன்னார்: "பஞ்சு தீயை உள்ளுக்குள்ளயே வச்சுக்கிட்டு வெளிய காட்டாதுடா தம்பி. அதை நம்பக் கூடாது."

காகிதம் பழைய ஏலக்காய்க் கணக்கு நோட்டிலிருந்து வரும். நோட்டின் பின்பக்கங்களில் எழுதாமல் விட்ட தாள்களை மட்டும்தான் கிழிப்பார். எழுத்துள்ள தாளைத் தொட மாட்டார். எழுத்து சரஸ்வதி, அதைச் சுடக் கூடாது என்பார். மெல்லிய கோடு போட்ட அந்தத் தாளைப் பட்டையாக வெட்டி, கொய்யாக் கொம்பில் சீவிய ஒரு குச்சியின் மேல் சுற்றுவார். குச்சியின் பருமன் துப்பாக்கிக் குழலின் வாயைவிட ஒரு நூல் குறைவு. ஓரத்தில் மைதாப் பசையை விரல் நுனியால் இழுத்து ஒட்டுவார். குச்சியின் முனைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காகிதத்தை மடித்து மடித்து அடைப்பார். குச்சியை உருவினால் ஒரு பக்கம் மூடிய சின்னக் குழாய் நிற்கும். அப்படிப் பத்துப் பன்னிரண்டு குழாய்களை முதலில் செய்து, பசை காயும்வரை முறத்தில் பரப்பி வைத்துவிடுவார். மருந்து டப்பா அதுவரை வெளியே வராது.

அளப்பதற்கு ஒரு மூங்கில் கணு வைத்திருந்தார். உள்பக்கம் வழவழவென்று இழைத்து, ஓரத்தில் ஒரு வெட்டுக்குறி. மருந்தைக் கணுவில் தட்டி, மேலே விரலை வைத்து வழித்துவிட்டு, கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். குறிக்கு மேலே ஒரு மணி இருந்தாலும் தட்டிவிடுவார். குழாயில் கொட்டி, வாயை முறுக்கி, எதிர்ப்பக்கம் மடக்குவார். அந்த நேரத்தில் யாரும் அவரோடு பேச முடியாது. வீட்டுக்கு வந்த பெரிய மனிதர்கள்கூடத் திண்ணையில் காத்திருப்பார்கள். முடித்ததும் எண்ணுவார். எத்தனை செய்தார் என்பதை ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்வார். பொட்டலங்கள் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போகும். கேப்புகள் வேறு டப்பாவில், வேறு அறையில். மேலே தோட்டத்துக்குக் கொண்டுபோனாலும் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு எட்டவே வைப்பார். அங்கே ராத்திரி பகலாக விறகு எரிந்துகொண்டிருக்கும்.

ஏன் இவ்வளவு பாடு? டப்பாவிலிருந்து நேராகக் குழலில் கொட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். அதற்கு அவர் சொன்ன காரணங்களை எந்தப் படைப் பயிற்சிப் புத்தகமும் மறுக்காது. ஒன்று, இருட்டில் அளவு தெரியாது. மருந்து குறைந்தால் புஸ்ஸென்று போகும், கூடினால் குழலே பிளக்கும். இரண்டு, முந்தின வெடியின் கனல் குழலுக்குள் ஒட்டியிருக்கலாம். டப்பாவைச் சாய்த்துக் கொட்டும்போது அது பற்றினால் டப்பாவோடு கையும் போய்விடும். பொட்டலமாக இருந்தால் பற்றுவது அந்த ஒரு அளவு மருந்து மட்டும். மூன்றாவது காரணம்தான் எனக்கு இன்றும் பெரிதாகப் படுகிறது. மேகமூட்டத்தில், தூக்கக் கலக்கத்தில், பன்றி உறுமுகிற சத்தத்துக்கு நடுவில், துப்பாக்கியை ஏற்கெனவே கெட்டித்துவிட்டோமா இல்லையா என்று மனசு தடுமாறும். ஒன்றின் மேல் இன்னொன்றைக் கெட்டித்தால் ஆபத்து. அப்போது பையில் கையை விட்டுப் பொட்டலத்தை எண்ணினால் போதும். "நம்ம மறந்தாலும் பொட்டலம் மறக்காது" என்பார்.

காவல் குடிசையில் அவரோடு இருந்த இரவுகளில் அதைப் பார்த்திருக்கிறேன். பொட்டலத்தின் முறுக்கைப் பிரித்து மருந்தைக் குழலில் கொட்டுவார். வெறும் காகிதத்தைக் கசக்கி அதன் மேலேயே திணிப்பார். அதற்கு மேல் கொஞ்சம் தேங்காய் நார். கம்பியை விட்டு நிதானமாக இடிப்பார். கம்பி எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்து உறுதி செய்துகொள்வார். கடைசியில்தான் கேப்பு. குழலை ஆகாயத்தை நோக்கித் தூக்கி, விசையை இழுத்தால் மலை முழுக்க அதிரும். எதிர்ச்சரிவிலிருந்து சத்தம் திரும்பி வரும்வரை எல்லோரும் மூச்சை அடக்கிக் காத்திருப்போம். வெள்ளைப் புகை மேகத்தோடு கலந்து கந்தக வாடையோடு கீழிறங்கும். அதற்குப் பின் புதர்களுக்குள் தடதடவென்று ஓடுகிற சத்தம்.

குண்டோ ரவையோ? பெரும்பாலும் கிடையாது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்துவிட்டது. பன்றியைக் கொல்ல வேண்டுமென்றால் அதிகாரியின் அனுமதி வேண்டும். பக்கத்துத் தோட்டத்தார் சிலர் அவரைக் கோழை என்றுகூடச் சொன்னார்கள். அவர் அசையவில்லை. "புத்தகத்துல பயிரைக் காப்பாத்தத்தான் எழுதியிருக்கான். கறிக்குன்னு எழுதலை" என்பார். வெறும் மருந்து, வெறும் சத்தம். சில காலத்தில் பன்றிகள் சத்தத்துக்குப் பழகிவிடும். அப்போது இடத்தை மாற்றி, நேரத்தை மாற்றி வெடிப்பார். தகரம் தட்டுவது, பந்தம் கொளுத்துவது, நாயை விடுவது எல்லாம் சேர்ந்த காவலில் துப்பாக்கி ஒரு பங்கு மட்டும்தான்.

வளர்ந்து ஊரைவிட்டுப் போன பிறகு, ஒரு எஸ்டேட் பங்களாவில் பழைய ரிவால்வர் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்க்கக் கிடைத்தது. சுட முடியாதபடி அடைத்து, அலங்காரத்துக்கு வைத்திருந்தார்கள். ஆறு அறை உள்ள உருளை. ஒவ்வோர் அறையின் பின்னாலும் கேப்பு மாட்டுகிற சின்ன முலை. குழலுக்கு அடியில் மடக்கி வைத்த ஒரு நெம்புகோல். பெரியப்பாவின் துப்பாக்கியில் தனிக் கம்பி செய்த வேலையை இதில் அந்த நெம்புகோல் செய்திருக்கிறது. மருந்தும் குண்டும் சேர்த்து மெல்லிய காகிதத்தில் கூம்பாகச் சுருட்டிய தோட்டாவை அறையின் முன்வாயில் வைத்து, உருளையைத் திருப்பி, நெம்புகோலை இழுத்து அழுத்தினால் உள்ளே இறங்கி உட்காரும். ஆறும் நிறைந்த பிறகு பின்னால் கேப்புகளை மாட்ட வேண்டும்.

சாமுவேல் கோல்ட் 1836-ல் அமெரிக்காவில் ரிவால்வருக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய 1851 நேவி ரிவால்வரும், அதே காலத்தில் இங்கிலாந்தில் ராபர்ட் ஆடம்ஸ் செய்த ரிவால்வரும் பரவியபோது, லண்டனில் ஈலி சகோதரர்கள் மாதிரியான கம்பெனிகள் அவற்றுக்கான தோட்டாக்களைச் செய்து விற்றன. கோல்ட் ரிவால்வருக்கான காகிதத் தோட்டாக்கள் குடைந்த மரக்கட்டைக்குள் ஆறு ஆறாக அடுக்கி, மேலே காகிதம் சுற்றி வரும். அந்தக் காகிதத்தை முன்கூட்டியே வெடியுப்புக் கரைசலில் நனைத்து உலர்த்துவார்கள். அப்போதுதான் கேப்பின் பொறி பட்டதும் அது மிச்சமில்லாமல் எரியும். எரியாத துணுக்கு கனலாக அறைக்குள் தங்கினால் அடுத்த தோட்டாவை வைக்கும்போது கையிலேயே வெடிக்கும். இன்னோர் ஆபத்தும் உண்டு. ஓர் அறையின் தீ பக்கத்து அறைகளுக்குத் தாவி எல்லாம் ஒன்றாக வெடித்துவிடலாம். அதற்காகக் குண்டு அறையின் சுவரோடு இறுக உட்கார வேண்டும். மேலே கொழுப்பு தடவி அடைப்பதும் உண்டு. இதையெல்லாம் படித்தபோது புங்க மரத்தடிக் கோரைப்பாய்தான் என் கண்ணுக்குள் விரிந்தது. லண்டன் தொழிற்சாலையும் எங்கள் பெரியப்பாவும் பயந்தது ஒரே கனலுக்குத்தான். இருவரும் அதற்குக் கண்ட வழியும் முன்கூட்டியே அளந்து கட்டிவைப்பதுதான்.

காகிதத் தோட்டா இந்திய வரலாற்றில் எந்த இடத்தில் வருகிறது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். 1853 மாடல் என்ஃபீல்டு துப்பாக்கிக்கு வந்த தோட்டாவின் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டைக் காகிதத்தோடு திணிக்க வேண்டும். காகிதத்தில் தடவிய கொழுப்பு பசுவினுடையது, பன்றியினுடையது என்ற செய்தி 1857 ஜனவரியில் டம்டம்மில் கிளம்பியது. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 3-ஆம் குதிரைப்படையைச் சேர்ந்த 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். மே 10 அன்று கலகம் வெடித்தது. மெட்ராஸ் படையில் அந்தத் தீ பெரிதாகப் பரவவில்லை. ஆனால் அதன் பின்விளைவு போடி மலைவரை வந்தது.

கலகத்துக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கு வெள்ளைக்காரப் படையைவிட ஒரு தலைமுறை பழைய ஆயுதத்தையே கொடுத்தார்கள். லிட்டன் பிரபுவின் காலத்தில் 1878-ல் ஆயுதச் சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் இந்தியர் யாரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது என்றானது. தென்னாட்டுக்கு இது புதிதல்ல. 1801-ல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு, பாளையங்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனி ஆணை போட்டது. போடியும் ஒரு பாளையம்தான். குடகு மட்டும் விதிவிலக்கானது. கொடவர்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸிலிருந்து விலக்கு கிடைத்தது, அது இன்றும் தொடர்கிறது. கைல்போத் பண்டிகையில் அவர்கள் துப்பாக்கிக்குப் பூச்சூட்டிக் கும்பிடுகிறார்கள். எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு அரிவாள், கவாத்துக் கத்தி, தராசு ஆகியவற்றோடு துப்பாக்கிக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. கற்பூரம் காட்டுகிற இடத்துக்குப் பொட்டலத்தை மட்டும் கொண்டுவர மாட்டார்கள்.

உலோகத் தோட்டா வந்ததும் உலகம் காகிதத்தைக் கைவிட்டது. 1857-ல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் உலோகத் தோட்டா ரிவால்வரைச் செய்தது. 1866-ல் பிரிட்டிஷ் படை தன்னுடைய என்ஃபீல்டுகளின் பின்பக்கத்தை அறுத்துத் திறந்து, உலோகத் தோட்டா போடுகிற ஸ்னைடராக மாற்றிக்கொண்டது. 1877-ல் ஜே. டி. மன்றோ என்ற துரை பூஞ்சாறு அரசரிடம் மூணாற்றுக் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கியபோது காகிதத் தோட்டா ஏற்கெனவே பழம்பொருள். மேலே தேயிலைத் தோட்டத்துத் துரைமார்கள் நவீன ரைஃபிளோடு காட்டுமாட்டையும் வரையாட்டையும் வேட்டையாடினார்கள். கீழே சரிவில் மொச்சை விதைத்தவன் கையில் வாய்வழித் துப்பாக்கியே தங்கிவிட்டது. விலை குறைவு என்பது ஒரு காரணம், லைசென்ஸ் கிடைப்பது எளிது என்பது இன்னொன்று. சுதந்திர இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டமும் அந்த வழியைத் திறந்தே வைத்தது. அதன் 13-ஆம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழித் துப்பாக்கி கேட்கிற குடிமகனுக்கு லைசென்ஸ் கொடுக்கச் சொல்கிறது. அப்படித்தான், ஐரோப்பாவில் அருங்காட்சியகத்துக்குப் போய் நூறு வருஷம் ஆன ஒரு கைவேலை போடியில் ஒரு புங்க மரத்தடியில் உயிரோடு இருந்தது. நரிக்குறவர்களும் அதே துப்பாக்கியை, அதே மருந்தை, அதே பழைய முறையில் தலைமுறைகளாகக் கையாண்டவர்கள். ஏழையின் துப்பாக்கி எதுவாக இருக்க வேண்டும் என்பதைச் சட்டமும் சந்தையும் சேர்ந்து முடிவு செய்தன.

தேர்தல் வந்தால் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடும். தேதி அறிவித்ததும் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். முடிவு வந்த பிறகுதான் திருப்பிக் கிடைக்கும். ஒப்படைக்கும் முன் எண்ணெய் தடவி, குழலின் வாயைத் துணியால் அடைத்து, பெரியப்பா சாக்கில் சுற்றிக்கொண்டு போவார். வரிசையில் மலைத் தோட்டக்காரர்கள் பலர் நிற்பார்கள். அந்த மாதங்களில் தகரமும் பந்தமும்தான் காவல். ஊரே ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு ஓட்டுப் போடுகிறது என்பதில் அவருக்கு மதிப்பு இருந்தது. முணுமுணுத்தவர்களிடம் அதைச் சொல்லவும் செய்வார்.

மாசி, பங்குனியில் அவர் வெடிப்பதே இல்லை. மழை வெறித்து, மேல்சரிவுப் புல் எல்லாம் காய்ந்து பொன்னிறமாக நிற்கிற காலம். எங்கள் பொட்டலக் காகிதம் வெடியுப்பில் நனைத்தது அல்ல, சாதாரண நோட்டுத் தாள். குழலிலிருந்து வெளியே வரும்போது அது முழுதாக எரிந்திருக்காது. ஓரத்தில் சிவந்த கனலோடு பல கஜம் பறந்துபோய் விழும். மழைக்காலத்தில் அது அழகு. காய்ந்த புல்லில் விழுந்தால் மலையே போய்விடும். பன்றி எவ்வளவு அழித்தாலும் அந்த இரண்டு மாதம் அவர் கேப்பு டப்பாவைப் பூட்டிச் சாவியைப் பெரியம்மாவிடம் கொடுத்துவிடுவார். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிச் சரிவில் தீப்பிடித்து, மலையேற வந்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட அன்று பெரியம்மாவின் முந்தானையில் முடிந்திருந்த அந்தச் சாவியை நினைத்துக்கொண்டேன். மார்ச் மாதத்து மலையில் ஒரு பொறி என்ன செய்யும் என்பதைப் பெரியப்பா எந்தப் பாடத்திலும் படித்ததில்லை. அங்கேயே வாழ்ந்து தெரிந்துகொண்டது.

பெரியப்பா போன பிறகு லைசென்ஸை யாரும் தங்கள் பேருக்கு மாற்றிக்கொள்ளவில்லை. துப்பாக்கியை முறைப்படி ஒப்படைத்துவிட்டோம். மீதியிருந்த பொட்டலங்களைப் பெரியம்மா பெரிய அண்டாத் தண்ணீரில் ஊறப்போட்டார். காகிதம் பிரிந்து, மருந்து கரைந்து, தண்ணீர் கறுத்துப் போனது. நோட்டில் எழுதியிருந்த எண்ணிக்கையோடு சரிபார்த்த பிறகுதான் அவர் அங்கிருந்து எழுந்தார்.

இன்றைக்கு மலையோரங்களில் நடப்பதைப் பார்க்கும்போது அந்தக் கணக்கு எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரங்களில் அவுட்டுக்காய் வைக்கிறார்கள். தின்பண்டத்துக்குள் வெடிமருந்தை மறைத்துப் பாதையில் போட்டுவிட்டு வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வது. பன்றி கடித்தால் பன்றி, யானை கடித்தால் யானை, மாடு மேய்க்கிற பிள்ளை எடுத்தால் பிள்ளை. 2020 மே மாதம் பாலக்காட்டு மாவட்டத்தில் கர்ப்பிணி யானை ஒன்று வாய் சிதறி, ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்ததை நாடு முழுக்கப் பார்த்தது. இன்னொரு பக்கம், வேலியில் நேராக மின்சாரத்தை விடுகிறார்கள். இரண்டிலும் அளவு கிடையாது. இந்த ஆள்தான் செய்தான் என்று பேர் கிடையாது. எத்தனை வைத்தோம், எத்தனை வெடித்தது என்ற கணக்கும் கிடையாது. விவசாயியின் கஷ்டம் பொய் அல்ல, அது கூடியிருக்கிறது. 2023-ல் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன் யானை கம்பத்துத் தெருக்களில் ஓடியதைத் தேனி மாவட்டமே பார்த்தது. காடும் தோட்டமும் ஊரும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிற இடத்தில்தான் நாங்கள் வாழ்கிறோம்.

கேரளத்தில் 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுத்தார்கள். லைசென்ஸ் உள்ளவர்களைக் கொண்டுதான் சுட வேண்டும். தமிழ்நாட்டில் 2025-ல், காப்புக்காட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் பன்றியைப் பிடிப்பது, எங்கே வனத்துறையினர் சுடுவது என்று அரசு எல்லை வகுத்தது. இவற்றில் குறை சொல்ல இடமிருக்கலாம். ஆனால் சுடுகிறவனுக்கு ஒரு பேரும், சுட்டதற்கு ஒரு கணக்கும் இருக்க வேண்டும் என்ற எண்ணம் இரண்டிலும் இருக்கிறது. அந்த எண்ணத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

வெடிமருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது. கோபத்தில் இருக்கிற மனிதனுக்கும் இருட்டில் அது தெரிவதில்லை. அதனால்தான் எவ்வளவு வேண்டும் என்பதைப் பகலிலேயே, நிதானமாக இருக்கும்போதே, பயிரின் மேலும் மிருகத்தின் மேலும் ஒருசேர அக்கறை உள்ள ஒருவன் முடிவு செய்துவைக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு மணி மருந்துகூட இரவில் அவன் கைக்குக் கிடைக்கக் கூடாது. எங்கள் பெரியப்பா காகிதத்தில் கட்டிவைத்தது இந்த முடிவைத்தான். அந்தத் துப்பாக்கி திரும்ப வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சோலார் வேலியோ, அகழியோ, இழப்பீடோ, வனத்துறையின் துப்பாக்கியோ, எது வந்தாலும் அதைக் கையாள்கிற மனிதர் தன் பேரைச் சொல்லி, அளவைச் சொல்லி, மிச்சத்தை எண்ணிக் காட்டக் கடமைப்பட்டவராக இருக்க வேண்டும். ஒரு சின்ன மலைத்தோட்டத்தில் அதிகம் படிக்காத ஒரு விவசாயி அதைக் கடைசிவரை செய்து காட்டினார். அரசாங்கமும் நாமும் அதைச் செய்ய முடியாது என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை.